குடல் கான்சர் கட்டியில எந்த மரபணு டெஸ்ட்டை முதல் செய்யிறது? அம்மான்ர கேசில நாங்கள் எடுத்த முடிவு

அம்மாக்கு ஒப்பரேஷன் முடிஞ்சு பதினேழாம் நாள்தான் பத்தோலொஜி ரிப்போட் கைக்கு வந்தது. வலப்பக்கப் பெருங்குடலில அடினோகார்சினோமா, டி3, என்0, வெட்டி எடுத்ததில 16 நிணநீர்க் கணு பாத்திருக்கினம், ஒண்டிலயும் கான்சர் இல்லை, அதாவது ஸ்டேஜ் ரெண்டு. சேர்ஜன் ரிப்போட்டைப் பாத்திட்டு "எம்எம்ஆர் ஸ்டெயின் மட்டும் செய்வியுங்கோ, மிச்சத்தைப் பிறகு பாப்பம்" எண்டார். அண்டு இரவே ஸ்காபரோவில இருக்கிற தம்பி கோல் எடுத்து "அக்கா காசை யோசியாதைங்கோ, நூற்றுக்கணக்கான ஜீனை ஒரேயடியாப் பாக்கிற பனல் இருக்காம், அதைச் செய்யுங்கோ" எண்டான். லண்டனில இருக்கிற மச்சாள் ரத்தத்திலயே கட்டீன்ர டிஎன்ஏயைப் பிடிக்கலாமாம், அதைக் கேளுங்கோ எண்டா. அம்மா கட்டிலில இருந்து கொண்டு "வெட்டி எடுத்தாச்சுத்தானே பிள்ளை, இனி என்னத்துக்கு?" எண்டு கேட்டா. நாலு பேரும் நாலு பக்கம்.

அந்த ரெண்டு கிழமை நான் வாசிச்சது, கேட்டது, அலைஞ்சது எல்லாத்தையும் எழுதி வைக்கிறன், ஏனெண்டால் தெல்லிப்பழை கிளினிக்கில எங்களோட வாங்கில இருந்த கனபேருக்கு இந்தக் கேள்வி இருந்தது, கேக்கிறதுக்குத்தான் ஆள் இல்லை. நான் டொக்டர் இல்லை. உங்கட கேசுக்கு உங்கட ஒன்கொலொஜிஸ்ட் சொல்லுறதுதான் முடிவு. ஆனா எதைக் கேக்கவேணும் எண்டு தெரிஞ்சு கொண்டு போனா அந்தப் பத்து நிமிசக் கிளினிக் பிரயோசனமா இருக்கும்.

முதல் இந்தக் கட்டி எப்பிடி வருது எண்டு கொஞ்சம் விளங்கவேணும், இல்லாட்டி டெஸ்டுகளுக்கு இடையில என்ன வித்தியாசம் எண்டு பிடிபடாது. குடலின்ர உள்தோல் சில நாளுக்கு ஒருக்காப் புதுசா மாறிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு தடவையும் செல் பிரியேக்க முழு டிஎன்ஏயையும் கொப்பி எடுக்கவேணும். கொப்பி எடுக்கேக்க பிழை விழும். பெரும்பாலான குடல் கான்சரில முதல் பழுதாகிறது ஏபிசி எண்ட ஜீன், அது 5ஆம் குரோமோசோமில இருக்குது, செல்லைப் பெருகாமல் பிடிச்சு வைக்கிற பிரேக் மாதிரி. அது போனா சின்னப் பொலிப் வரும். பிறகு கேராஸ் எண்ட ஜீன் பழுதாகும், பொலிப் பெருக்கும், பிறகு 17ஆம் குரோமோசோமில இருக்கிற டிபி53 எண்ட ஜீன் போகும், அதோட அது கான்சராகும். இப்பிடிப் படிப்படியா நடக்குது எண்டதை 1990இல ஃபியரன், ஃபோகல்ஸ்டைன் எண்ட ரெண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் எழுதிச்சினம். பொலிப்பில இருந்து கான்சராக ஏறக்குறைய பத்து வருசம் எடுக்கும். இந்த வழியில வாற கட்டியில குரோமோசோமே துண்டு துண்டா உடைஞ்சு, கூடிக்குறைஞ்சு கிடக்கும். நூற்றுக்கு 85 குடல் கான்சர் இந்த வகை.

மிச்சம் 15 வேற வழி. அதுதான் எங்கட கதை.

எங்கட செல்லுக்குள்ள கொப்பிப் பிழையைத் திருத்துறதுக்கெண்டே நாலு முக்கியமான புரதம் இருக்குது, எம்எல்எச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6. சேர்ஜன் எம்எம்ஆர் எண்டு சொன்னது இதுகளைத்தான். அச்சுக்கூடத்தில புரூஃப் பாக்கிறவர் மாதிரி. இந்த நாலில ஒண்டு இல்லாமல் போனா பிழையெல்லாம் திருத்தப்படாமல் அப்பிடியே அச்சாகும். கூடுதலா எங்க பிழை விழும் எண்டால் ஒரே எழுத்துத் திரும்பத் திரும்ப வாற இடத்தில. என்ர அம்மம்மா நார்க்கடகம் இழைக்கிறவா, ஒரே நிற ஓலை நீளத்துக்கு வந்தா கணக்குத் தவறுது எண்டு இடைக்கிடை சாயமோலை வைச்சு இழைப்பா. டிஎன்ஏக்கு அப்பிடி அடையாளம் வைக்க வழியில்லை, 26 தரம் ஒரே எழுத்து வாற இடத்தில 24 ஆகும், 23 ஆகும். அந்த இடங்களுக்குப் பேர் மைக்ரோசற்றலைட், அது ஆடிப்போறதைத்தான் எம்எஸ்ஐ எண்டு ரிப்போட்டில போடுகினம். இந்தப் புரதம் இல்லாததை டிஎம்எம்ஆர் எண்டு எழுதுவினம். ரெண்டும் ஒரே விசயத்தை ரெண்டு பக்கத்தால பாக்கிறதுதான்.

இனி டெஸ்டுகள்.

சேர்ஜன் சொன்னது ஐஎச்சி, அதாவது அந்த நாலு புரதமும் கட்டியில இருக்குதோ எண்டு சாயம் போட்டுப் பாக்கிறது. இதுக்குப் புதுசா ஊசியும் வேண்டாம், ரத்தமும் வேண்டாம், ஒப்பரேஷனில வெட்டின துண்டை மெழுகில பதிச்சு வைச்ச பிளொக் இருந்தாக் காணும். அதில இருந்து மயிரிழையை விடவும் மெல்லிசாச் சீவி கண்ணாடித் தகட்டில ஒட்டி, நாலு தகட்டுக்கு நாலு சாயம். புரதம் இருந்தா செல்லின்ர கரு மண்ணிறமாத் தெரியும், இல்லாட்டி நீலமாவே இருக்கும். எங்களுக்கு அந்தத் தகட்டை மைக்ரோஸ்கோப்பில காட்டின டொக்டருக்கு நான் எப்பவும் கடமைப்பட்டிருக்கிறன். கட்டிச் செல் எல்லாம் வெறும் நீலம், இடையில இருக்கிற நல்ல வெள்ளணுக்கள் மட்டும் கோப்பித்தூள் தூவின மாதிரி மண்ணிறம். "அந்த நல்ல செல் மண்ணிறமா வந்தாத்தான் சாயம் சரியா வேலை செய்திருக்கு எண்டு நம்பலாம்" எண்டு விளங்கப்படுத்தினார். உங்கட ரிப்போட்டில உள்கொன்ரோல் சரி எண்டு ஒரு வரி இருக்குதோ எண்டு பாருங்கோ, இல்லாட்டிக் கேளுங்கோ.

இன்னொரு விசயம், இந்த நாலும் சோடி சோடியா நிக்கிறது. எம்எல்எச்1 போனா அதின்ர சோடி பிஎம்எஸ்2உம் போகும், எம்எஸ்எச்2 போனா எம்எஸ்எச்6உம் போகும். அதால ரிப்போட்டில ரெண்டு இல்லை எண்டு வந்தா ரெண்டு ஜீன் பழுது எண்டு பயப்பிடாதேங்கோ, ஒண்டு விழுந்து மற்றதையும் இழுத்துக்கொண்டு போயிருக்கு.

இந்த டெஸ்ட்டின்ர பலம் என்னெண்டால், எல்லாத்திலயும் செலவு குறைவு, கெதியா வரும், ஆனா ஒரே அடியில மூண்டு கேள்விக்குப் பதில் தரும். ஸ்டேஜ் ரெண்டில கீமோ வேணுமோ எண்டது ஒண்டு. டிஎம்எம்ஆர் எண்டு வந்த ஸ்டேஜ் ரெண்டுக் கட்டி திரும்பி வாற வாய்ப்புக் குறைவு, அதோட 5எஃப்யு எண்ட கீமோ மருந்தைத் தனியாக் குடுக்கிறதால அவைக்குப் பலனும் இல்லை. ஸ்டேஜ் நாலு எண்டால் இம்யூனோதெரபி வேலை செய்யுமோ எண்டது அடுத்தது, இந்த வகைக் கட்டிக்கு பெம்புரோலிசுமாப் முதல் மருந்தாவே குடுக்கலாம் எண்டு 2020இல அமெரிக்க எஃப்டிஏ அனுமதிச்சது. கட்டி முழுக்கப் பிழையான புரதமாக் கிடக்கிறபடியா உடம்பின்ர எதிர்ப்புச் சக்திக்கு அதை அந்நியன் எண்டு கண்டுபிடிக்கிறது லேசு, அதுதான் காரணம். மூண்டாவது கேள்வி, இது பரம்பரையா வந்ததோ எண்டது, அதைக் கீழ விரிவா எழுதுறன்.

பலவீனமும் இருக்குது. சில வேளை புரதம் உருவாகும், மண்ணிறமாச் சாயமும் பிடிக்கும், ஆனா வேலை செய்யாது. அப்ப ஐஎச்சி ஏமாத்திப்போடும். மலக்குடல் கட்டிக்கு முதல் கீமோவும் கதிரும் குடுத்திட்டு ஒப்பரேஷன் செய்தவைக்கு எம்எஸ்எச்6 சாயம் மங்கிப்போய்ப் பிழையா இல்லை எண்டு வரலாம், அவை ட்ரீற்மெண்டுக்கு முந்தி எடுத்த பயொப்சித் துண்டில செய்விக்கிறதுதான் நல்லது. மலக்குடல் கான்சர்க்காரர் இந்த டெஸ்ட்டை ஒப்பரேஷனுக்கு முந்தியே கேக்கவேணும் எண்டதுக்கு இன்னொரு பெரிய காரணமும் இருக்குது. 2022இல நியூயோர்க் மெமோரியல் ஸ்லோன் கெற்றரிங்கில டிஎம்எம்ஆர் மலக்குடல் கட்டி இருந்த 12 பேருக்கு டொஸ்டார்லிமாப் எண்ட இம்யூனோதெரபி மருந்தை மட்டும் குடுத்து, 12 பேருக்கும் கட்டி முழுசா மறைஞ்சது, வெட்டவும் இல்லை கதிரும் இல்லை. அந்த மருந்து எங்கட கைக்கு எட்டுதோ இல்லையோ, ஆசனவாயை மூடி வயித்தில பை வைக்கிற ஒப்பரேஷனுக்குக் கையெழுத்து வைக்க முந்தி இந்தக் கேள்வியைக் கேக்க உங்களுக்கு உரிமை இருக்குது.

எம்எஸ்ஐ பிசிஆர் எண்டது இதின்ர மாற்று. ஐந்து இடத்து மைக்ரோசற்றலைட்டை எடுத்து நல்ல திசுவோட ஒப்பிட்டு, ரெண்டோ கூடவோ ஆடியிருந்தா எம்எஸ்ஐ ஹை எண்டு சொல்லுறது. ஐஎச்சியோட நூற்றுக்கு 90க்கு மேல ஒத்துப்போகும். எந்தப் புரதம் இல்லை எண்டு இது சொல்லாது, அதால பரம்பரையைத் தேடிப் போக வழிகாட்டாது. ஐஎச்சி தெளிவில்லாமல் வந்தா இதைச் செய்யுங்கோ, மற்றும்படி எங்களை மாதிரி ஆக்களுக்கு ரெண்டையும் ஒண்டாச் செய்யவேண்டிய தேவை இல்லை.

கேராஸ், என்ராஸ், பிராஃப் எண்ட மூண்டு ஜீனையும் பாக்கிற டெஸ்ட் அடுத்தது. இதைப் பற்றி கிளினிக்கில எங்களுக்குப் பக்கத்தில இருந்த கிளிநொச்சி ஐயா ஒருத்தரால்தான் எனக்கு வடிவா விளங்கினது. அவருக்கு ஈரலுக்குப் பரவியிட்டுது, ஸ்டேஜ் நாலு. செடுக்சிமாப் எண்ட ஊசி போடலாமோ எண்டு பாக்க இந்த ரிப்போட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தவர். அந்த ஊசி என்ன செய்யுது எண்டால் செல்லுக்கு வெளியால இருக்கிற ஈஜிஎஃப்ஆர் எண்ட சுவிச்சை நிப்பாட்டுது. கேராஸ் அந்தச் சுவிச்சுக்குக் கீழ இருக்கிறது. அவர் தோட்டக்காரர் எண்டபடியா தண்ணி மோட்டரை வைச்சுத்தான் டொக்டர் சொன்னவராம்: ஸ்டாட்டருக்குள்ள கொண்டக்ற் ஒட்டிப் பிடிச்சிட்டுது எண்டால் வெளியில சுவிச்சை எத்தினை தரம் ஓஃப் பண்ணினாலும் மோட்டர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கேராஸ் மியூட்டேஷன் அப்பிடித்தான். குடல் கான்சரில நூற்றுக்கு 40 பேருக்குக் கிட்ட கேராஸ் பழுது இருக்கும், என்ராஸ் கொஞ்சப் பேருக்கு. அவைக்குச் செடுக்சிமாபோ, அதே மாதிரி வேலை செய்யிற பனிடுமுமாபோ போட்டா காசும் போய் முகம் முழுக்கப் பரு மாதிரிப் போட்டு, பலன் மட்டும் இருக்காது. அதால பரவின கான்சருக்கு இந்த டெஸ்ட் இல்லாமல் அந்த ஊசியைத் தொடங்க விடாதேங்கோ. கேராஸ் பாத்தது எண்டு சொன்னா கோடோன், அதாவது ஜீனில இருக்கிற இடம், 12, 13 மட்டும் பாத்ததோ, இல்லாட்டி 61, 117, 146உம் பாத்ததோ எண்டு கேளுங்கோ, என்ராஸும் சேந்ததோ எண்டும் கேளுங்கோ. வலப்பக்கக் குடலில தொடங்கின கட்டி எண்டால் ராஸ் (கேராஸ், என்ராஸ்) பழுது இல்லாட்டியும் இந்த ஊசிகள் பெரிசா உதவாது, அதையும் கதைச்சுப் போட்டுத்தான் முடிவெடுக்கவேணும்.

பிராஃப் வி600ஈ எண்ட மியூட்டேஷன் பரவின குடல் கான்சரில நூற்றுக்கு 8, 10 பேருக்கு இருக்கும், இருந்தா நோய் வேகம் கூட, ஆனா இப்ப அதுக்கு என்கோராஃபெனிப் எண்ட மருந்தைச் செடுக்சிமாபோட சேத்துக் குடுக்கிற வழி இருக்குது.

எங்களுக்கு ஸ்டேஜ் ரெண்டு. செடுக்சிமாப் எண்ட பேச்சுக்கே இடமில்லை. அப்ப கேராஸ் பாத்து என்ன செய்யப்போறம்? இதைத்தான் நான் தம்பிக்கு மூண்டு நாளா விளங்கப்படுத்தினனான்.

அவன் சொன்ன பெரிய பனல், என்ஜிஎஸ். உண்மையில அது நல்ல டெஸ்ட், நான் அதுக்கு எதிரி இல்லை. ஒரே துண்டில ராஸ், பிராஃப், எம்எஸ்ஐ, ஹெர்2, போலீ எண்டு எல்லாம் வரும். ஸ்டேஜ் நாலில, வயசு குறைஞ்ச ஆளுக்கு, வழமையான கீமோ ரெண்டு தரம் சரிவராமல் போன ஆளுக்கு அது வழி திறக்கலாம். கேராஸ் ஜி12சி எண்டு ஒரு வகை, நூற்றுக்கு 3 பேருக்குத்தான் இருக்கும், முந்தி அதுக்கு ஒண்டுமே இல்லை, இப்ப அடக்ராசிப், சொடொராசிப் எண்டு மருந்து வந்திட்டுது. ஹெர்2 எண்ட புரதம் கூடின நூற்றுக்கு 3 பேருக்கும் தனி மருந்து இருக்குது. ஒவ்வொண்டாத் தேடித் தேடிச் செய்தா துண்டு முடிஞ்சிடும், அப்பிடி ஆக்களுக்குப் பனலை ஒரேயடியாச் செய்யிறதுதான் புத்தி.

ஆனா காசு, ஐஎச்சியை விடப் பல மடங்கு. நாங்கள் விசாரிச்ச இடத்தில துண்டை இந்தியாவுக்கு அனுப்பித்தான் செய்யிறது எண்டிச்சினம், கிழமைக்கணக்கு எடுக்கும். துண்டில கட்டிச் செல் போதிய அளவு இருக்கவேணும், கனக்க இடத்தில நூற்றுக்கு 20 எண்டாவது கேப்பினம். அதை விட எனக்குக் கவலை தந்தது, அர்த்தம் தெரியாத மாற்றம் எண்டு ரிப்போட்டில வாற பட்டியல். டிஎன்ஏயில ஒரு எழுத்து மாறியிருக்கு, ஆனா அது கெடுதியோ சும்மா எங்கட இனத்தில வழமையா இருக்கிற வித்தியாசமோ எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இந்த ஒப்பீட்டுத் தரவுகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்து ஆக்களில இருந்து சேத்தது, தெற்காசிய ஆக்களின்ர தரவு குறைவு, அதால எங்கட ஆக்களுக்கு இந்தத் தெரியாத பட்டியல் கூட நீளும். அம்மா மாதிரி ஒருத்தரின்ர கையில இருபது வரி தெரியாத மாற்றம் எண்டு குடுத்தா அவ அதை நினைச்சே படுக்கமாட்டா.

மச்சாள் சொன்ன லிக்விட் பயொப்சியைப் பற்றிக் கெதியாச் சொல்லுறன். கட்டியில இருந்து ரத்தத்துக்குள்ள உதிர்ற டிஎன்ஏ துண்டுகளைத் தேடுறது. ஸ்டேஜ் ரெண்டில இதுக்கு ஒரு நல்ல பாவனை இருக்குது. 2022இல வெளிவந்த டைனமிக் எண்ட அவுஸ்திரேலிய ஆய்வில 455 பேரைச் சேத்து, ஒரு பகுதியில ஒப்பரேஷனுக்குப் பிறகு ரத்தத்தில டிஎன்ஏ தெரிஞ்சவைக்கு மட்டும் கீமோ குடுத்தவை, மற்றப் பகுதியில வழமை மாதிரி முடிவெடுத்தவை, கீமோ எடுத்தவை வழமைப் பகுதியில நூற்றுக்கு 28, ரத்தம் பாத்த பகுதியில 15தான், ரெண்டு வருசத்தில நோய் திரும்பினது கூடவும் இல்லை. நம்பிக்கை தாற விசயம். ஆனா அந்த ஆய்வில முதல் கட்டித் துண்டைச் சீக்குவென்ஸ் செய்து அந்த ஆளின்ர மியூட்டேஷனைக் கண்டுபிடிச்சுத்தான் பிறகு ரத்தத்தில தேடினவை, ஒப்பரேஷனுக்குப் பிறகு 4ஆம் கிழமையும் 7ஆம் கிழமையும் ரத்தம் எடுத்தவை. எங்களுக்குப் பதினேழு நாள் ஏற்கனவே போயிட்டுது, ஏற்பாடு ஒண்டும் கையில இல்லை. டிஎம்எம்ஆர் எண்டு வந்தா கீமோக் கேள்வியே பெரும்பாலும் எழும்பாது எண்டேக்க, முதல் சாயத்தைப் போட்டுப் பாக்கிறதுதான் சரி.

அதோட முடிவு எடுத்தாச்சு. ஐஎச்சி முதல், பதில் எந்தப் பக்கம் வருதோ அதைப் பாத்து அடுத்த அடி.

முடிவு எடுக்கிறது லேசு, பிளொக்கை எடுக்கிறதுதான் பாடு. எந்த இடம் எண்டு எழுதேல்ல, ஆனா அம்மான்ர பிளொக் எங்க இருக்குது எண்டு சொல்ல ஆள் இல்லாமல் ஒம்பது நாள் அலைஞ்சனான். ஒரு மேசையில மற்ற மேசைக்குப் போகச் சொன்னவை, அங்க திங்கக்கிழமை வரச் சொன்னவை. கடைசியில பழைய நம்பரில பதிஞ்சு இருந்தது. என்ர கையில தரேக்க பாத்தன், தபால் முத்திரையை விடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்ரிக் கூடு, அதுக்குள்ள வெள்ளை மெழுகு, மெழுகுக்கு நடுவில பழுப்பா ஒரு சின்னத் துண்டு, ஓரத்தில பென்சிலால நம்பர். அம்மான்ர உயிரை வாங்க வந்தது இவ்வளவுதானோ எண்டு அப்பிடியே பாத்துக்கொண்டு நிண்டன். அந்த மெழுகு 60 பாகை கிட்ட வர இளகும், அதால கொழும்புக்குக் கொண்டுபோகேக்க பஸ்ஸில எஞ்சினுக்குக் கிட்ட, வெயில் படுற கண்ணாடிக்குக் கிட்ட வைக்கக்கூடாது எண்டு சொல்லிவிட்டவை. பஞ்சில சுத்திக் கைப்பையில வைச்சு மடியிலயே வைச்சுக்கொண்டு இரவு பஸ்ஸில போனன், ஏ9இல முறிகண்டி தாண்டியும் நித்திரை வரேல்ல.

இதில நான் உங்களுக்குச் சொல்ல விரும்பிறது ஒண்டு. ஒப்பரேஷன் அண்டைக்கே பிளொக் நம்பரை எழுதி வைச்சுக்கொள்ளுங்கோ. துண்டு ஃபோர்மலினில பொதுவா 6 மணித்தியாலத்துக்குக் குறையாமல், 72 மணித்தியாலத்துக்கு மேல போகாமல் இருந்தால்தான் டிஎன்ஏ நல்லா இருக்கும், நீண்ட லீவு நாளில ஒப்பரேஷன் வந்தா இதை லாப்பில பணிவா ஞாபகப்படுத்தலாம். எந்த டெஸ்ட்டுக்குப் போனாலும் முழுத் துண்டையும் முடிக்க விடாதேங்கோ, திரும்பத் தரச்சொல்லிக் கேட்டு வாங்குங்கோ. டெஸ்டுகள் மாறும், புது மருந்து வரும், துண்டு ஒண்டுதான்.

எட்டு நாளில ரிப்போட் வந்தது. எம்எல்எச்1 இல்லை, பிஎம்எஸ்2 இல்லை, மற்ற ரெண்டும் இருக்குது. ஒன்கொலொஜி டொக்டர் பாத்திட்டு கீமோ வேண்டாம் எண்டிட்டார். அம்மா வீட்டை வந்து அண்டைக்குத்தான் பல நாளுக்குப் பிறகு ஒடியல் கூழ் கேட்டவா.

ஆனா அதோட முடியேல்ல. எம்எல்எச்1 ரெண்டு விதமாக் காணாமல் போகும். வயசான காலத்தில அந்த ஜீனின்ர வாசலில மெத்திலேஷன் எண்டு பூட்டு விழுந்து தானாவே நிண்டு போறது ஒண்டு, அது பிள்ளையளுக்குக் கடத்தப்படாது, டிஎம்எம்ஆர் கட்டிகளில கூடுதலானது இந்த வகைதான். மற்றது தாய் தகப்பனிட்ட இருந்து வாற ரெண்டு கொப்பியில ஒண்டு பிறப்பில இருந்தே பழுதா இருக்கிறது, அதுக்குப் பேர் லிஞ்ச் சிண்ட்ரோம். இது ரெண்டையும் பிரிக்கத்தான் பிராஃப் வி600ஈ டெஸ்ட் எங்களுக்குத் தேவைப்பட்டது. அது இருந்தா அனேகமாத் தானா வந்தது எண்டு சொல்லலாம். எங்களுக்கு அது இல்லை எண்டு வந்தது.

டொக்டர் அப்பத்தான் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். பெரிய மாமா 1996இல, இடம்பெயர்ந்து வன்னியில நிக்கேக்க 44 வயசில செத்தவர், வயித்து வருத்தம் எண்டுதான் எல்லாரும் சொல்லுறது, ஸ்கோப் போட எங்க வசதி. சித்திக்கு 49இல கர்ப்பப்பைக் கான்சர், எடுத்தாச்சு, இப்ப சுகம். நாங்கள் இது ரெண்டையும் ஒரு நாளும் ஒண்டா வைச்சுப் பாக்கேல்ல, ஒண்டு வயிறு மற்றது கர்ப்பப்பை எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திட்டம். லிஞ்சில குடலும் கர்ப்பப்பையும்தான் முன்னுக்கு நிக்கிற ரெண்டு இடம். 1895இல மிச்சிகனில வோர்தின் எண்ட டொக்டருக்கு ஒரு தையல்காரப் பெண், என்ர குடும்பத்தில எல்லாரும் இப்பிடித்தான் சாகினம், நானும் அப்பிடித்தான் போவன் எண்டு சொன்னவவாம், அப்பிடியே கர்ப்பப்பைக் கான்சரில செத்தவ. அந்தப் பேச்சை அவர் தட்டிக்கழிக்காமல் அந்தக் குடும்பத்தைப் பின்தொடர்ந்து 1913இல எழுதினவர். அதில இருந்துதான் இந்த நோயின்ர கதையே தொடங்குது.

அதால கடைசி டெஸ்ட், ரத்தத்தில செய்யிற ஜேர்ம்லைன் டெஸ்ட். இதையும் பனலையும் ஒண்டு எண்டு கனபேர் குழப்பிக் கொள்ளினம். கட்டித் துண்டில பாக்கிறது கட்டிக்கு என்ன நடந்தது எண்டதை, ரத்தத்தில பாக்கிறது நாங்கள் பிறக்கேக்கயே என்ன கொண்டு வந்தம் எண்டதை. கட்டியில பிசகு வந்தது எல்லாம் பரம்பரை இல்லை. அம்மாக்கு ஏற்கனவே எம்எல்எச்1 எண்டு திசை தெரிஞ்சபடியா தேடவேண்டிய இடம் சுருங்கியிட்டுது, செலவும் குறைஞ்சது. எம்எல்எச்1இல ஒரு பழுது வந்தது, கெடுதியானது எண்டு தெளிவாவே எழுதியிருந்தது.

இதில குடும்பத்துக்குத்தான் பெரிய லாபம். ஒரு ஆளில சரியான இடம் தெரிஞ்சா மற்றவைக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பாத்தாக் காணும். அம்மான்ர ரிப்போட்டை முழுசா, அந்த மாற்றம் எழுதியிருக்கிற வரி தெரியிற மாதிரி ஸ்கான் பண்ணித் தம்பிக்கு அனுப்பினன், அதைக் காட்டித்தான் அவன் அங்க டெஸ்ட் செய்தவன். பிள்ளைக்குப் போற வாய்ப்பு ரெண்டுக்கு ஒண்டு, ஆண் பெண் வித்தியாசம் இல்லை. தம்பிக்கு இல்லை. எனக்கு இருக்குது.

எனக்கு 38 வயசு. எம்எல்எச்1 பழுதோட இருக்கிறவைக்கு வாழ்நாளில குடல் கான்சர் வாற வாய்ப்புப் பாதிக்குக் கிட்ட. ஆனா தெரிஞ்சிருந்தா வழி இருக்குது: 25 வயசில இருந்து ஒண்டு ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா கொலோனொஸ்கொப்பி. மற்ற ஆக்களுக்குப் பத்து வருசத்துக்கு ஒருக்காப் போதும் எண்டேக்க எங்களுக்கு ஏன் இப்பிடி எண்டு கேட்டன், லிஞ்சில பொலிப் கான்சராக ஒண்டில இருந்து மூண்டு வருசம் காணுமாம். புரூஃப் பாக்கிறவர் இல்லாத அச்சுக்கூடம்தானே. 2020இல லான்செற்றில வந்த காப்2 ஆய்வில லிஞ்ச் உள்ள 861 பேரில ரெண்டு வருசம் அளவில அஸ்பிரின் எடுத்தவைக்குப் பத்து வருசம் தாண்டியும் குடல் கான்சர் குறைவா இருந்தது, அதை எடுக்கிறதோ எண்டதை டொக்டரோட கதைச்சுத்தான், ஆராவது சொல்லிச்சினம் எண்டு பாமசியில வாங்கிப் போடாதேங்கோ.

இன்னுமொண்டு எங்கட ஊருக்கெண்டே சொல்லவேணும். எங்கட குடும்பத்தில மச்சான் மச்சாள் கட்டுறது வழமை. தாய் தகப்பன் ரெண்டு பேருமே ஒரே ஜீனில பழுதோட இருந்தா நாலில ஒரு பிள்ளைக்கு ரெண்டு கொப்பியும் பழுதாப் போகலாம், அந்தப் பிள்ளைக்குச் சின்ன வயசிலயே மூளைக்கட்டி, ரத்தக் கான்சர், குடல் கான்சர் வரலாம், தோலில பால்கோப்பி நிற மறு கூடத் தெரியும். இதைச் சொன்ன உடன பெரிய மாமி கோவிச்சுக்கொண்டு போனை வைச்சிட்டா, அவவின்ர மகனுக்கும் சித்தீன்ர மகளுக்கும் கதை நடந்துகொண்டிருந்தது. நான் சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆனா பெரிய மாமா 44இல போனவர், அவற்ற பிள்ளையின்ர பிள்ளைக்கு அப்பிடி வரவேண்டாம். குறிப்புப் பாக்கிறதுக்கு முந்தி ரெண்டு பேரும் ரத்தத்தைக் குடுங்கோ, ஒருத்தருக்கு இல்லாட்டி இந்தப் பயமே இல்லை எண்டு திரும்ப எழுதி அனுப்பினன்.

ரெண்டு நாள் கழிச்சு சித்தீன்ர மகள் தனிய எனக்குக் கோல் எடுத்தாள். 29 வயசு. "அக்கா, எனக்கு இருக்குது எண்டு வந்தா வெளியில சொல்லவேணுமோ?" எண்டு கேட்டாள். அது உன்ர ரிப்போட், ஆருக்குச் சொல்லுறது எண்டது உன்ர முடிவு எண்டன். கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்ல, பிறகு ரத்தம் குடுக்க எப்ப வாறது எண்டு கேட்டாள். எனக்கு வியாழக்கிழமை கொலோனொஸ்கொப்பி, முதல் நாள் மருந்து குடிச்சு வயித்தைக் கழுவவேணும், அவள் புதன் பின்னேரமே வந்து என்னோட நிண்டிட்டு, காலமை ரெண்டு பேருமாப் போறது எண்டு கதைச்சு வைச்சிருக்கிறம்.